பழைய ஜிஐ பைப்: எங்கே வெட்டுவது, எதோடு இணைப்பது

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: தாம்பரம் பக்கம் 1983-ல் கட்டிய வீடு, சுவருக்குள் ஓடுவது முழுக்க ஜிஐ என்கிற இரும்புப் பைப், கீழ்த்தளப் பாத்ரூமில் ஒரு எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவுத் துண்டு) ஓரமாகக் கசிந்து சுவர் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. வந்து பார்த்த ஒரு பிளம்பர் கிளாம்ப் போட்டால் போதும் என்கிறார், இன்னொருவர் அந்த இடத்தை மட்டும் வெட்டி சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) கொடுக்கலாம் என்கிறார், மூன்றாமவர் வீடு முழுக்க மாற்றச் சொல்கிறார். இதற்கு நடுவே அதே லைனிலிருந்து வாஷிங் மெஷினுக்கு ஒரு இணைப்பும் வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கசியும் இடத்திலிருந்து பின்னால் போய், நல்ல மரை (திருகிப் பூட்டும் புரி) உள்ள ஃபிட்டிங், அதாவது எல்போ, டீ மாதிரியான இணைப்புத் துண்டு எது என்று பார்த்து, அங்கிருந்து சிபிவிசி எடுங்கள். வாஷிங் மெஷினுக்குப் பழைய லைனைத் தொடவே வேண்டாம், மொட்டை மாடி டேங்கிலிருந்து வெளிச்சுவர் வழியாகத் தனி லைன் இறக்குங்கள். பிற்பாடு கையில் பணம் இருக்கும்போது அந்தப் புது லைனையே பாத்ரூம்களுக்கும் நீட்டிவிட்டு, சுவருக்குள் இருக்கும் ஜிஐயை அப்படியே கைவிட்டுவிடலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விவரம் வேண்டும்.

ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு, அவ்வளவுதான். அரை இன்ச் பைப்பின் வெளி விட்டம் சுமார் 21.3 மி.மீ. இரும்புப் பைப்புக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1239-படி பி கிளாஸ், அதாவது நீலப் பட்டை போட்டது, 2.6 மி.மீ கனம், மஞ்சள் பட்டை ஏ கிளாஸ் 2 மி.மீ, சிவப்புப் பட்டை சி கிளாஸ் 3.2 மி.மீ. இப்போது மரை வெட்டுகிறோம் இல்லையா, அரை இன்சுக்கு அந்த மரையின் ஆழம் மட்டும் 1.16 மி.மீ. ஆக பி கிளாஸில் மரையின் அடியில் மிஞ்சுவது ஒன்றரை மி.மீ கூட இல்லை, ஏ கிளாஸில் 0.84 தான். மேலே பூசிய துத்தநாகமும் மரை வெட்டும்போதே அந்த இடத்தில் போய்விடுகிறது. அதனால்தான் ஜிஐ லைன் எப்போது கசிந்தாலும் பெரும்பாலும் எல்போ, டீ, சாக்கெட் ஓரத்தில்தான் முதலில் கசியும். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. ஒரு எல்போ ஓரம் ஓட்டை விழுந்திருக்கிறது என்றால், அதே நாளில் அதே தண்ணீருக்காகப் போட்ட மற்ற மரைகளும் ஏறக்குறைய அதே வயதில், அதே மெலிவில் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அரிப்பு இன்னும் வேகம்.

பைப் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சுவரை உடைக்காமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். இரவெல்லாம் மூடியிருந்த டேப்பைக் காலையில் திறந்தால் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக வருகிறதா பாருங்கள். டேப்பைத் திறந்த கணத்தில் வேகமாக அடித்து, இரண்டொரு நொடியில் இளைத்துப் போகிறதா என்றும் பாருங்கள், இது முக்கியம். டேங்கின் உயரம் தரும் அழுத்தம் முழுசாக இருக்கிறது, ஆனால் உள்ளே வழி அடைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. பக்கத்து டேப்பைத் திறந்ததும் இது நின்றே போனால் சந்தேகமே வேண்டாம். அப்புறம், ஏதாவது ஒரு டேப்பைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பி கிளாஸ் அரை இன்ச் பைப்பின் உள் விட்டம் 16 மி.மீ. துருக் கட்டிகள் வளர்ந்து வழி முழுக்க 8 மி.மீ ஆகியிருந்தால் வரத்து பாதியாகக் குறையும் என்று நினைக்காதீர்கள், கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்காகிவிடும். இந்த நிலையில் ஓட்டையை அடைப்பது பணத்துக்குக் கேடு. வேகம் இல்லையே என்று பிரஷர் பம்ப் வாங்கி மாட்டுகிறார்கள் சிலர், அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். டேங்க் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே சதுர செ.மீட்டருக்கு 0.4 கிலோ அழுத்தம்தான் இத்தனை வருஷம் அந்தப் பைப் பார்த்திருக்கிறது. பம்ப் ஒன்றரை, இரண்டு கிலோ கொடுத்தால் மெலிந்த மரை ஒவ்வொன்றாகப் பிளந்துகொள்ளும், அதுவும் சுவருக்குள்.

ஹேக்ஸா பிளேடை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம், இதை பிளம்பர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பழைய வீடுகளில் எர்த் ஒயரைத் தண்ணீர் பைப்பில் கட்டிவைத்திருப்பது சாதாரணம். தனியாக எர்த் குழி இருந்தாலும், அதன் கம்பி எப்போதோ துருப்பிடித்து அறுந்துபோய், கீசரின் உலோக உடம்பு வழியாகத் தண்ணீர் பைப்தான் உண்மையான எர்த்தாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. நடுவில் வெட்டி ஒரு அடி பிளாஸ்டிக் வைத்த நொடியே அந்தத் தொடர்ச்சி போய்விடும். கீசர் எலிமென்டில் கசிவு இருந்தால், இதுவரை மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த மின்சாரம் இனி ஷவரைத் தொடுகிறவர் வழியாகப் போகும். வெட்டும்போதும் ஆபத்து உண்டு, வெட்டின இரண்டு முனையையும் ஒருவர் கைக்கு ஒன்றாகப் பிடித்தால் அந்த இடைவெளியை அவர் உடம்பு நிரப்புகிறது. அதனால் மெயினை அணைத்துவிட்டு, வெட்டப்போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் பைப்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, தடிமனான செம்புக் கம்பியைக் கிளாம்ப் வைத்துக் கட்டுங்கள், பிறகு நடுவில் வெட்டுங்கள். உங்கள் மெயினை அணைத்தாலும் மேல் போர்ஷனில் வேறு மீட்டர் இருந்தால் அங்கிருந்து பைப்புக்கு மின்சாரம் வரலாம் என்பதால், அணைத்துவிட்டோமே என்று இந்தக் கம்பியைத் தவிர்க்க வேண்டாம். வேலை முடிந்த அன்றே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கீசர் பாயின்டின் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். பைப் வேலைக்கு ஆகும் செலவில் இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

சரி, எங்கே வெட்டுவது? ஜிஐ லைன் என்பது ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மரையால் கோத்த ஒற்றைச் சங்கிலி. நடுவில் உள்ள ஒரு பைப்பைத் திருப்பிக் கழற்றினால் ஒரு பக்கம் கழலும், மறு பக்கம் இறுகும். அதனால்தான் அங்கங்கே யூனியன், அதாவது பைப்பைத் திருப்பாமலே பிரிக்கக்கூடிய இணைப்பு, வைப்பார்கள். கசியும் இடத்துக்கு அருகில் வெளியே தெரிகிற யூனியன் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லையென்றால், கெட்டுப்போன எல்போவை முழு பலத்தோடு திருப்ப முயலக் கூடாது. ரிஞ்சில் நீங்கள் கொடுக்கிற முறுக்கு அந்த எல்போவோடு நிற்காது, சுவருக்குள் அடுத்த ஜாயின்ட் வரை போய், அங்கே துருவாலேயே அடைபட்டு இதுவரை கசியாமல் இருந்த மரையை அசைத்துவிடும். மறுநாள் இரண்டடி தள்ளி இன்னொரு இடம் ஈரமாகும். பிளம்பர் வந்துபோன பிறகுதான் அதிகமாகக் கசிகிறது என்று பல வீட்டில் சொல்வதற்குக் காரணம் இது. அவசரமாக ஒற்றை ரிஞ்சால் திருப்புகிற ஆளை உங்கள் வீட்டுப் பைப்பில் கை வைக்க விடாதீர்கள். எப்போதும் இரண்டு ரிஞ்ச்: ஒன்று ஃபிட்டிங்கை அசையாமல் பிடிக்க, ஒன்று பைப்பைத் திருப்ப.

செய்ய வேண்டியது, எல்போவிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பைப்பை வெட்டுவது. வெட்டிய வாயைப் பாருங்கள். கனம் இரண்டு மி.மீட்டருக்கு மேல் சுற்றிலும் சீராக இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் சில வருஷம் போகும். ஒரு பக்கம் தகடு மாதிரி மெலிந்திருந்தால் அங்கே மரை வெட்ட நினைக்க வேண்டாம், மரை வெட்டும் டை போட்டதும் நொறுங்கிவிடும். சுவர் ஓரமாக நிற்கிற பைப்பில் கையால் டை சுற்ற இடமும் கிடைக்காது. இதைவிட நல்ல வழி, அந்த மிச்சத் துண்டை அடுத்த ஃபிட்டிங்கிலிருந்து கழற்றிவிட்டு, அந்த ஃபிட்டிங்கின் உள்மரையைப் பயன்படுத்துவதுதான். உள்மரை பைப்பின் வெளிமரையை விடக் கெட்டியான வார்ப்பில் இருக்கிறது, பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதல் நாள் மாலையே ஜாயின்டில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், டபிள்யூடி-40 கிடைத்தால் அது, இல்லையென்றால் டீசலும் வேலை செய்யும். காலையில் ஃபிட்டிங்கைச் சுற்றிச் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டு, கழற்றும் முன் முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் திருப்பிப் பாருங்கள். துருப் பிடிப்பு அதில் உடைந்துவிட்டால் பிறகு எளிதாகக் கழலும்.

துண்டு உடைந்து மரை மட்டும் ஃபிட்டிங்குக்குள் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். ஹேக்ஸா பிளேடைத் தனியாகக் கையில் துணி சுற்றிப் பிடித்து, உள்ளேயிருந்து நீளவாக்கில் ஒரு வெட்டு, அதற்கு ஒரு விரல் தள்ளி இன்னொரு வெட்டு. ஃபிட்டிங்கின் மரையைத் தொடுவதற்குச் சற்று முன் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் சின்ன உளியால் அந்த இரண்டு வெட்டுக்கு நடுவில் இருப்பதை உள்பக்கமாக மடக்கினால் மிச்சமும் தளர்ந்து வெளியே வந்துவிடும். பொறுமையான வேலை, ஆனால் இரண்டடிச் சுவரை உடைப்பதை மிச்சப்படுத்தும்.

கேஸ் வைத்துச் சூடேற்றலாம், வெல்டிங் போட்டு ஓட்டையை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிறது, வெல்டிங் சூடு அதைவிடப் பல மடங்கு. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி வரும், வெல்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் அது இன்னும் மோசம். மெலிந்த பைப்பில் வெல்டிங் நிற்கவும் செய்யாது, சுற்றி இன்னும் ஓட்டை விழும்.

இப்போது இரும்பையும் பிளாஸ்டிக்கையும் இணைப்பது. ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: பிளாஸ்டிக்கின் வெளிமரை இரும்பின் உள்மரைக்குள் போகலாம், இரும்பின் வெளிமரை பிளாஸ்டிக்கின் உள்மரைக்குள் போகக் கூடாது. ஜிஐ பைப்பின் மரை நுனியில் ஒல்லியாகவும் உள்ளே போகப் போகத் தடிமனாகவும் இருக்கும், இறுக்க இறுக்க ஆப்பு அடிப்பது போல பிளாஸ்டிக்கைப் பிளக்கும். அன்றைக்கே உடையாது, சில மாதம் கழித்து ஒரு நாள் நடு இரவில் உடையும். ஜிஐ பக்கம் வெளிமரைதான் இருக்கிறது என்றால், உள்ளே பித்தளை மரை பதித்த சிபிவிசி அடாப்டர் வாங்குங்கள், அல்லது முதலில் ஒரு ஜிஐ சாக்கெட் போட்டுவிட்டு அதற்குள் பிளாஸ்டிக் வெளிமரையைக் கொடுங்கள். சுவருக்குள் மூடப்போகும் இடம் என்றால் நான் பித்தளை மரை உள்ளதைத்தான் சொல்வேன், விலை கூடுதல்தான், ஆனால் டைல்ஸ் உடைக்கிற செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

சணல் நூலும் பெயின்டும் வைத்துச் சுற்றுகிற பழக்கம் இரும்புக்கு இரும்பு ஜாயின்டில் நன்றாகவே வேலை செய்யும், அதைக் குறை சொல்லவில்லை. வெள்ளை ஈயம், சிவப்பு ஈயம் குழைத்துப் பூசுவது மட்டும் குடிநீர் லைனில் கூடாது, இரண்டும் ஈயத்தின் சேர்மங்கள். சிபிவிசி மரையில் பெயின்ட், கிரீஸ், எண்ணெய் எதுவும் படக் கூடாது, சில எண்ணெய்கள் பட்ட சிபிவிசி மெல்ல மெல்ல வெடித்துவிடும். துரு இளக்க நீங்கள் அடித்த எண்ணெயும், புதிதாக மரை வெட்டும்போது விட்ட எண்ணெயும் இதில் அடக்கம், உள்மரையைச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகுதான் பிளாஸ்டிக்கை உள்ளே விட வேண்டும். டெஃப்லான் டேப் (மரையில் சுற்றும் வெள்ளை நாடா) மட்டும் போதும். மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்றுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுக்கும்போது அவிழ்ந்து சுருண்டுகொள்ளும். பழைய உள்மரை கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்பதால் புதுசுக்குச் சுற்றுவதைவிடச் சில சுற்று கூடுதலாகச் சுற்றலாம். கையால் போகும் வரை இறுக்கிவிட்டு, பிறகு ரிஞ்சால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று. அடாப்டரை இறுக்கி முடித்த பிறகுதான் அதில் பைப்பை ஒட்ட வேண்டும், ஒட்டிய பிறகு முறுக்கக் கூடாது. சிபிவிசிக்கு அதற்கான சால்வென்ட்தான் (ஒட்டும் பசை), யுபிவிசி என்கிற குளிர்ந்த நீர் பிளாஸ்டிக் பைப்புக்கான சால்வென்ட் ஆகாது.

அளவில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அரை இன்ச் ஜிஐக்குப் பதில் அரை இன்ச் சிபிவிசி என்று கடையில் கேட்டு வாங்கி வந்துவிடுவார்கள். அரை இன்ச் சிபிவிசியின் வெளி விட்டமே 15.9 மி.மீ, உள்ளே சுமார் 12 தான். பழைய பைப்பின் 16 மி.மீ எங்கே, இது எங்கே. முக்கால் இன்ச் சிபிவிசியில் உள்ளே சுமார் 18 மி.மீ கிடைக்கும். மேல் தொட்டியின் உயரத்தை மட்டுமே நம்பி இருக்கிற வீட்டில் முக்கால் இன்ச் போட்டு, டேப் வாயில் மட்டும் அரை இன்ச்சாகக் குறைக்கும் எல்போ வையுங்கள். தனி லைன் இறக்கும்போது டேங்கிலிருந்து ஒரு இன்ச்சாகவே இறக்கி, பாத்ரூமுக்குப் பிரியும் இடத்தில் முக்கால் ஆக்கலாம். வெயில் படுகிற வெளிச்சுவரில் பிளாஸ்டிக் பைப்புக்குத் தண்ணீரில் கரைக்கிற வெள்ளை பெயின்ட் ஒரு கோட் அடியுங்கள், ஆயில் பெயின்ட் வேண்டாம். மூன்றடிக்கு ஒரு கிளாம்ப். ஜிஐ தானே நின்றுகொள்ளும், சிபிவிசி தொய்யும்.

கிளாம்ப் போடச் சொன்னவரும் தவறாகச் சொல்லவில்லை, நேரான பைப்பில் ஊசி முனை ஓட்டை என்றால் சைக்கிள் டியூப்பை இழுத்துச் சுற்றி மேலே கிளாம்ப் இறுக்கினால் வேலை நடக்கும், இரண்டு வாரம் கல்யாண வீட்டு நெருக்கடியைத் தாண்டலாம். எம்-சீல் (பிசைந்து ஒட்டும் பசை) என்றால் தண்ணீரை முழுக்க நிறுத்தி, துருவைச் சுரண்டி, ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஈரப் பைப்பில் ஒட்டியது உரிந்துவிடும். ஆனால் உங்களுடையது மரை ஓரக் கசிவு, அங்கே கிளாம்ப் சரியாக உட்காராது, அதனால் அந்த யோசனையை விட்டுவிடலாம்.

தனி லைன் இப்போதைக்கு முடியாது, வாஷிங் மெஷின் அடுத்த வாரமே வருகிறது என்றால், பழைய பைப்பை நடுவில் வெட்டி டீ போடாதீர்கள். ஏற்கெனவே வெளியே இருக்கிற ஒரு டேப்பைக் கழற்றி, அந்த வாயில் இரண்டு வழி உள்ள ஆங்கிள் வால்வோ பித்தளை டீயோ போடுங்கள். சுவர் எல்போவை இன்னொரு ரிஞ்சால் பிடிக்க முடியாது என்பதால் டேப்பைக் கழற்றும்போது மெதுவாக. பித்தளை ஜிஐயோடு இருக்கலாம், சின்ன வால்வால் பெரிய கேடில்லை. செம்புப் பைப்பை மட்டும் நேரடியாக ஜிஐயோடு சேர்க்கக் கூடாது, குறிப்பாகத் தண்ணீர் செம்பைத் தாண்டி ஜிஐக்குள் போகும்படி. செம்பு கரைந்து வந்து துத்தநாகத்தின் மேல் படிந்து அங்கங்கே குழி விழும்.

கீசரிலிருந்து வருகிற வெந்நீர் லைனும் ஜிஐ என்றால், அடுத்து மாற்ற வேண்டியது அதைத்தான். 60 டிகிரிக்கு மேல் போகும் தண்ணீரில் துத்தநாகம் இரும்பைக் காப்பாற்றுகிற வேலையை நிறுத்திவிடலாம், சில தண்ணீரில் நிலைமை தலைகீழாகி இரும்பு முன்னே அரிக்கும். அங்கே யுபிவிசி கூடாது, சிபிவிசிதான்.

ரோட்டிலிருந்து மீட்டர் வரை வரும் மண்ணுக்குள் இருக்கிற ஜிஐ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பாருங்கள். தண்ணீர் விடும்போது முதல் சில நிமிஷம் நாற்றமோ கலங்கலோ இருந்தால் மண்ணுக்குள் பைப் ஓட்டை. விநியோகம் நிற்கும் நேரத்தில் அந்த ஓட்டை வழியாகச் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். அதை நீங்களாக வெட்டக் கூடாது, உங்கள் பகுதிக்குத் தண்ணீர் தரும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும், அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஷவர் தலை, டேப் முனையில் இருக்கும் சல்லடை, வாஷிங் மெஷின் ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தண்ணீர் தெளியும் வரை முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். வெட்டின அதிர்ச்சியில் உள்ளே உதிர்ந்த துரு அத்தனையும் அங்கேதான் போய் அடைக்கும். கீசருக்குப் போகும் வால்வை இது முடியும் வரை மூடியே வையுங்கள். சுவரை உடனே பூச வேண்டாம். சால்வென்ட் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து தண்ணீர் விட்டு, காய்ந்த செய்தித்தாளை ஜாயின்டுகளுக்கு அடியில் செருகி வைத்து ஒரு வாரம் தினமும் பாருங்கள். புது ஜாயின்டை மட்டும் பார்க்காமல், இரண்டு பக்கமும் நீங்கள் கை வைக்காத பழைய ஜாயின்ட் இருக்கிற இடங்களில் சுவர் குளிர்ந்து ஈரமாகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். ஒரு வாரம் காய்ந்தே இருந்தால் பூசிவிட்டு டைல்ஸ் ஒட்டலாம். எங்காவது ஈரம் தெரிந்தால் டைல்ஸுக்கு வைத்திருந்த பணத்தைத் தனி லைனுக்குத் திருப்புங்கள்.